கழிவு என்ற கோப்பு

பக்கத்து அறையில் அப்பா கரண்டியால் டம்ளரை இரண்டு முறை தட்டினார். ஒரு தட்டு என்றால் 'இங்கே வா'. இரண்டு தட்டு என்றால் 'என்ன ஆச்சு?' பன்னிரண்டு நாளாக இதுதான் எங்கள் பாஷை.

"இதோப்பா, அஞ்சு நிமிஷம்" என்றேன். ஒரு மணி நேரமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரை மறுபடியும் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது. அந்தக் கோப்புக்குள் அப்பாவின் குரல் இருந்தது. தொண்டையில் கத்தி வைத்துக் குரல்வளையை எடுப்பதற்கு முன் நான்கு நாள் இந்த அறையில் மைக் முன்னால் உட்கார வைத்து இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் பதிந்தேன். தண்ணி வேணும். ஃபேனைக் குறை. எனக்கு வலிக்குது. சாப்பிட்டியா? முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து கூட்டத்தை உள்ளே தள்ளிய குரல். அதையெல்லாம் வாக்கியத்துக்கு ஒரு படமாகப் போனில் ஏற்றிக் கொடுத்தால், படத்தைத் தொட்டதும் அவர் குரலிலேயே பேசும். இன்றைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். காலையிலேயே ஷேவ் செய்து, சட்டை மாற்றி, ஏதோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கோப்பை வேறு இடத்துக்கு மாற்றினேன். பெயரை மாற்றினேன். மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். பென் டிரைவில் ஒரு நகல் இருந்தது. நேற்று மாலை அதன் மேலேயே இந்தக் கெட்ட கோப்பைப் பதிந்து வைத்திருக்கிறேன், நானேதான்.

ஸ்டூடியோவில் கூட வேலை பார்ப்பவனுக்குப் போன் போட்டேன். எதையும் உரக்கத்தான் பேசுவான், அதனால் அவனுக்கு வால்யூம் என்று பெயர்.

"அக்கா, ஆட்டோசேவ் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். அதுவும் அதே டிஸ்க்லதான் இருக்கு. எதுவும் திறக்கல."

"டிஸ்க்கே போச்சு போல. சரி விடுங்க, வெட்டாத ரெக்கார்டிங் இருக்கும்ல? மறுபடி வெட்டிக்கலாம்."

"அழிச்சுட்டேன்டா."

வால்யூமே குரலைத் தாழ்த்தினான். "டிஸ்க்க எடுத்துட்டு வாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டலாம். இப்போதைக்கு அதுல கை வைக்காதீங்க."

அழிப்பது எங்கள் தொழில் பழக்கம். புத்தகங்களை ஒலியாக்குகிற வேலை. வெட்டி முடித்ததும் மூலத்தை அழித்துவிடுவோம், இல்லையென்றால் இடம் போதாது. ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி பெஞ்சில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அழித்தேன். என்னை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை.

அப்போதுதான் கழிவு ஞாபகம் வந்தது. வெட்டியெறிந்த துண்டுகளைப் போட்டுவைக்கும் கோப்பு. உருப்படியானதைப் புது டிஸ்கிலும் குப்பையைப் பழைய டிஸ்கிலும் வைப்பது என் வழக்கம். மாதக் கடைசியில் கூட்டித் தள்ளுவேன். இன்னும் தள்ளவில்லை.

திறந்தது. உடனே திறந்தது.

செருமல்கள். தண்ணீர் குடிக்கும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அப்பா. "வலிக்குதுன்னு எதுக்கு நாலு தடவை சொல்லச் சொல்ற? இப்ப வலிக்கவே இல்லையே." பின்னால் நான் சிரிக்கிறேன். அடுத்த துண்டில், "உங்கம்மா இருந்திருந்தா, இப்பவாவது வாயை மூடினாரேன்னு சந்தோஷப்பட்டிருப்பா." தேவையான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. தண்ணி வேணும் என்பது பாதியில் இருமலாகிவிட்டது. ஆனாலும் ஒன்றுவிடாமல் கேட்டேன். கதவு திறந்திருந்ததை நினைக்கவே இல்லை.

அப்பா வாசலில் நின்றார். கழுத்தில் கட்டு, கையில் கரண்டி போட்ட டம்ளர். யாரோ தெரிந்தவர் கூப்பிட்டது போல ஸ்பீக்கரைப் பார்த்தார். மெதுவாக வந்து, பதிவுக்கு உட்கார்ந்த அதே நாற்காலியில், மைக்கை நோக்கி உட்கார்ந்தார். கடைசித் துண்டு ஓடத் தொடங்கியது. நிறுத்தக் கை வரவில்லை.

"முடிஞ்சுதா? எல்லாம் பத்திரமா இருக்குல்ல பாப்பா?"

"பத்திரமா இருக்குப்பா. நான் பாத்துக்கறேன்" என்றது என் குரல், அவ்வளவு தெம்பாக.

அதோடு துண்டு முடிந்தது. அப்பா என்னைப் பார்த்தார். கரண்டியை எடுத்து, டம்ளரின் விளிம்பில் இரண்டு முறை தட்டினார்.