ஒற்றைக் குன்று

மயக்க மருந்து டாக்டர் ஊசி போடும் முன் தையல்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பி விட்டுடுவீங்கல்ல டாக்டரம்மா? திங்கட்கிழமைக்குள்ள நாலு யூனிஃபார்ம் குடுக்கணும்."

"நீங்க நிம்மதியா தூங்குங்க. எழுப்பறது என் பொறுப்பு."

பித்தப்பையை எடுக்கும் சாதாரண ஆபரேஷன். மூன்று நிமிடம் முகமூடியில் ஆக்சிஜன். பிறகு மருந்து. கண் செருகியது, மருந்தின் வேலைப்படி மூச்சும் நின்றது. டாக்டர் தாடையைத் தூக்கித் தொண்டைக்குள் குழாயைச் செலுத்தினார். எச்சில் கொஞ்சம் மறைத்தது. இருபது வருடக் கை, பழக்கத்தில் போயிற்று.

குழாயோடு இணைத்த காற்றுப் பையை அழுத்தினார். வெளியே வரும் மூச்சின் கரியமில வாயு, ஒரு மெல்லிய ட்யூப் வழியே மெஷினுக்குப் போய், திரையில் குன்று குன்றாக எழ வேண்டும். கோடு படுத்தே கிடந்தது.

"இந்த மெஷின் ஆரம்பிச்சிட்டான்," என்றான் டெக்னீஷியன். வாய் ஓயாததால் தியேட்டரில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "ஒரு வாரமா இந்த மெல்லிசு ட்யூப்ல தண்ணி அடைக்குது மேடம். என் மச்சான் மாதிரி. ரெண்டு தட்டு தட்டினாத்தான் அசைவான்."

விரலால் ட்யூபைச் சுண்டினான். அந்த வாரம் ஆறு முறை சுண்டியிருந்தார்கள், ஆறு முறையும் குன்று எழுந்திருந்தது. இப்போது எழவில்லை. யாரும் பதறவில்லை.

"ஆக்சிஜன் தொண்ணூத்தொன்பது இருக்கே," என்றார் கத்தியோடு காத்திருந்த சர்ஜன். "ஆரம்பிக்கலாமா?"

டாக்டர் தையல்காரியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். என்னவோ கேட்டது. மூச்சுதான் என்று நினைத்துக்கொண்டார். ரேடியோ மீண்டும் சுண்டினான், மச்சானைத் திட்டினான். நேரம் போயிற்று.

"கொஞ்சம் பொறுங்க."

மெல்லிய ட்யூபைக் கழற்றித் தன் வாய்க்கவசத்துக்குள் நுழைத்து ஊதினார்.

திரையில் ஒரு குன்று எழுந்தது. அழகான, முழுமையான குன்று.

மெஷினில் பழுதில்லை.

ரேடியோ நின்றுபோனான்.

டாக்டர் தையல்காரியின் வாயிலிருந்த குழாயைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் அவர் அவளுடைய வயிற்றுக்குள் காற்றடித்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றொன்பது, அந்த மூன்று நிமிட ஆக்சிஜனின் மிச்சம்.

"குழாய் தப்பான இடத்துல இருக்கு. எடுக்கறேன். மாஸ்க் குடு!"

எண் சரியத் தொடங்கியது. தொண்ணூற்றொன்று. எண்பத்து நான்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் 'பீப்' ஒலி ஒரு படி கீழிறங்கியது. தையல்காரியின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. டாக்டர் முகமூடியை அழுத்திப் பிடித்தார், ரேடியோ பையை அழுத்தினான். மெல்லிய ட்யூப் இப்போது முகமூடியில் மாட்டியிருந்தது.

குன்று எழுந்தது. சின்னதாக. இன்னொன்று.

"இன்னும் இறங்குதே!" சர்ஜன் கத்தினார். "அறுபத்தெட்டு!"

"அது பழைய செய்தி. விரல்ல மாட்டின கிளிப்புக்கு வந்து சேர நேரமாகும். மூச்சு இப்ப உள்ள போகுது."

டாக்டர் சொன்னபோது அது அவருடைய குரலாகவே இல்லை. கண்ணைக் குன்றுகளிலிருந்து எடுக்காமல் நின்றார். அறுபத்தாறில் எண் நின்றது. பிறகு ஏறியது. தொண்ணூறைத் தாண்டியதும் எச்சிலை உறிஞ்சி எடுத்து, மூச்சுக்குழாயின் வாசலைக் கண்ணால் பார்த்து, குழாயை மறுபடி செலுத்தினார். குன்றுகள் வரிசையாக வந்தன.

ஆபரேஷன் முடிந்து ரேடியோ பதிவுத் தாளைக் கொண்டுவந்தான். தொடக்கத்தில் நீளமாகத் தட்டைக் கோடு. நடுவே ஒற்றைக் குன்று.

"ட்யூப் அடைப்புன்னு எழுதிடவா மேடம்?" அதுவரை அவன் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

டாக்டர் பேனாவை வாங்கினார். தட்டைக் கோட்டின் கீழ், 'குழாய் உணவுக்குழாயில்' என்று எழுதினார். குன்றின் கீழ், 'இது என் மூச்சு.'

மாலையில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். குரல் கம்மியிருந்தது.

"சொன்ன மாதிரி எழுப்பிட்டீங்க."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் மூச்சில்லாம இருந்தேன்?"

"மூணு நிமிஷத்துக்கு மேல."

அவள் நெஞ்சின் மேல் கையை வைத்து, மூச்சை மெல்ல இழுத்தாள். கை உயர்ந்தது. அது தாழும் வரை டாக்டரும் மூச்சு விடவில்லை.