இற்றுப்போன கம்பி

விடியுமுன்பே மாரிசாமியும் ரெங்கசாமியும் தோட்டத்து அணைக்குள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்கள். ஆடிக் குளிர் எலும்பைக் குடைந்தது. தோட்டத்தை நடத்தும் துரைக்கென்ன, பங்களாக் கம்பளிக்குள் குளிரா தெரியும்?

அணையின் நடுவே பீப்பாய்கள் மீது ஒரு தெப்பம் மிதந்தது. அதன்மேல் தகரக் காற்றாடி. அது சுழன்றால்தான் கோடையில் தேயிலை ஃபெக்டரிக்குத் தண்ணீர் ஏறும். தெப்பம் காற்றோடு போய்விடாதபடி நாலு பக்கமும் கம்பி கட்டி, கல் நிரப்பிய இரும்புப் பெட்டிகளைக் குளத்தடியில் இறக்கியிருந்தார்கள். தொய்ந்த கம்பியை இறுக்கத்தான் இருவரும் இறங்கியிருந்தார்கள். சங்கிலி கேட்டதற்கு, மலையிலிருந்து கொழுந்து மூட்டை இறக்கித் தேய்ந்து இற்றுப்போன கம்பியைத்தான் துரை கொடுத்தார்.

இருவருடையதும் அந்தக் கொழுந்துக் கம்பியில் பழகிய கைகள். அங்கே கம்பி தொய்ந்தால் மூட்டை பள்ளத்தில் விழும், முதுகில் பிரம்பு விழும். மிதக்கிற சாமான் அலைந்தாட இடம் வேண்டும், கம்பி தொய்ந்து கிடக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? கரையில் நின்று வேலை வாங்கிய கங்காணி, இன்னும் முறுக்கு என்று அதட்டினார். மாரிசாமி உள்ளங்கைத் தோல் உரிய முறுக்கினான்.

மலை இடுக்கிலிருந்து காற்று பாய்ந்து வந்தது. தெப்பம் துள்ளியது. கம்பி படீரென்று அறுந்து, ரெங்கசாமியின் கழுத்தை அறுத்துக்கொண்டு போனது. தண்ணீர் சிவந்தது. மாரிசாமி அவனை அள்ளிக்கொண்டு கரையேறியபோது உயிர் இல்லை.

துரை மாரிசாமியை மட்டும் ஃபெக்டரிக்குள் கூப்பிட்டார்.

"சொல்லச் சொல்லக் கேக்காம இறுக்கினது ரெங்கசாமி. பொலிசு வந்தா அப்படித்தான் சொல்லணும். இல்லே, நீதான் இறுக்கினேன்னு நான் சொல்லுவேன்."

மாரிசாமிக்குப் பயமாக இருந்தது. முறுக்கிய கை அவனுடையதுதானே. வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொண்ட துரை, பழி செத்தவன் மேல்தான், இனி அவன் குடும்பத்துக்குத் தோட்டத்தில் இடமில்லை என்று கங்காணியைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அனுப்பினார். ரெங்கசாமியின் பெண்சாதி பெரியாயி நெஞ்சு நோயில் வேலையை விட்டவள். புருஷன் பேரில்தான் அவர்களுக்கு லயத்தில் குடியிருக்க அந்த ஒற்றைக் காம்பரா.

மாரிசாமி லயத்துக்கு ஓடி வந்தபோது பிணம் வாசலில் கிடந்தது. சட்டி பானை உடைந்து சிதறியிருந்தன. கங்காணி பெரியாயியை மயிரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். அவள் கதவு நிலையைக் கட்டிப்பிடித்திருந்தாள், விரல்களில் இரத்தம்.

தன் மௌனம் என்ன செய்தது என்று அவன் கண்ணால் கண்டான். பாய்ந்து கங்காணியைத் தள்ளினான். பிரம்பு அவன் மண்டையைப் பிளந்தது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. அவன் விடவில்லை. இருவரும் உடைந்த பானை ஓடுகளின் மேல் புரண்டார்கள். அலறல் கேட்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள் மலையிலிருந்து ஓடி வந்தார்கள். கத்திகளைக் கண்டதும் கங்காணி பிரம்பைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

அப்போது துரை துப்பாக்கியோடு ஜீப்பில் வந்து இறங்கினார். காற்று வலுக்கிறது, மிச்சக் கம்பியும் அறுந்தால் தெப்பம் மதகில் மோதி நொறுங்கும், எல்லாரும் தண்ணீரில் இறங்கிப் பிடியுங்கள் என்று கத்தினார்.

மாரிசாமி எழுந்து நின்றான்.

"கம்பிய இறுக்கினது நான்தாங்க தொரை. பொலிசுகிட்டயும் அதைத்தான் சொல்லுவேன். முறுக்கச் சொன்னது கங்காணி. இத்துப்போன கம்பிய எடுத்துக் குடுத்தது யாருன்னும் சொல்லுவேன்."

"ஒன்னை ஜெயிலுக்கு அனுப்புவேன்."

"அனுப்புங்க. பெரியாயி காம்பராவ விட்டுப் போகமாட்டா. பொணம் எடுக்காம ஒருத்தரும் தண்ணியில எறங்கவும் மாட்டோம்."

துரை துப்பாக்கியை அவன் நெஞ்சுக்கு நேராக உயர்த்தினார். அணைப்பக்கம் இன்னொரு கம்பி அறுந்த சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மலையிலிருந்து இறங்கிய கொழுந்து பறிக்கும் பெண்களில் கருப்பம்மா முன்னே வந்தாள். துப்பாக்கி நீட்டிய துரையைச் சுற்றி நடந்து, தன் கூடையைப் பெரியாயியின் வாசலில் குறுக்கே வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்தவளும் தன் கூடையை அதனோடு ஒட்டி வைத்தாள். கூடைக்குமேல் கூடை ஏறி வாசலை அடைத்தது. மண்டையில் இரத்தம் வடிய மாரிசாமி போய் அவர்களோடு உட்கார்ந்தான்.

துரை துப்பாக்கியை இறக்கவில்லை. மேல்மலையிலிருந்து இன்னும் கூடைகள் வந்துகொண்டிருந்தன.