வெடிக்காத தோட்டா

ஆறடி உயரமும் முறுக்கு மீசையுமாக இருக்கும் தேவநாதன் துப்பாக்கிக்குப் பயப்படுகிறார் என்றால் விழுப்புரத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆள் வேண்டுமே. மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு மைதானம். அங்கே போய், பறக்கும் மண்தட்டைத் துப்பாக்கியால் சுடுவதுதான் அவரை வீட்டைவிட்டு வெளியே இழுக்கும் ஒரே காரியம். "புல்" என்று இங்கிலீஷில் கத்தினால் மெஷின் தட்டை வானத்தில் வீசும். நாள் முழுக்க அவர் குரலுக்குப் பதில் தரும் ஒரே ஜீவன் அந்த மெஷின்தான். ஆனால் சில மாதமாக, விசையை இழுக்கும் நொடியில் கண் மூடிக்கொள்கிறது, தோள் வெடுக்கென்று முன்னால் பாய்கிறது, குழல் தாழ்ந்துவிடுகிறது. தட்டு முழுசாகப் போய்த் தரையில் விழுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்கும் போட்டியிலும் இப்படியென்றால் துப்பாக்கியை விற்றுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதற்கு வைத்தியம் உண்டு. நிஜத் தோட்டாவையும் மருந்தில்லாத தோட்டாவையும் கலந்து போட்டுச் சுட வேண்டும். வெடிக்காதபோது உடம்பு துள்ளுவது தனக்கே தெரியும். தெரியத் தெரிய அடங்கும். ஒரே தொல்லை, எது எதுவென்று சுடுகிறவருக்குத் தெரியக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு தானே போட்டுப் பார்த்தார். கை எடையைக் கண்டுபிடித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மைதானத்தில், உடைந்த தட்டுச் சில்லுகளைப் பொறுக்கும் குப்பம்மாளைத் தவிர ஆள் இல்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டுத் தோட்டா போடச் சொல்லிக்கொடுத்தார்.

"கலந்து போடு குப்பம்மா. நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன்."

முதல் தடவை 'டிக்' என்றது. குழல் குதித்துத் தாழ்ந்தது. அவமானமாக இருந்தது. மறுபடி டிக், மறுபடியும் டிக். ஏழாவதில் தோள் அசையவில்லை. எட்டாவதில் கண் திறந்தே இருந்தது. ஒன்பதாவதும் டிக் என்றதும் கோபம் வந்துவிட்டது.

"இன்னா குப்பம்மா, ஒண்ணுகூட வெடிக்கலியே?"

"நீங்க கண்ண இறுக்க மூடிக்கினு நின்னீங்க சார். பாக்கவே பேஜாரா இருந்துச்சு. அதான் வெடிக்காததையே போட்டுக்கினு இருந்தேன்."

வந்த கோபம் போய்விட்டது. இந்த இரண்டு வருஷத்தில் யாரும் அவர் முகத்தை இவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை.

"பயந்தான் குப்பம்மா," என்றார். "இப்ப நெஜத்தையே போடு. இங்கியே நில்லு."

"புல்!" தட்டு எழுந்தது. விழித்த கண்ணோடு விசையை இழுத்தார். வானத்தில் ஆரஞ்சுத் தூள் சிதறியது. "பாத்தியா!" என்று சின்னப்பிள்ளை மாதிரி திரும்பினார்.

குப்பம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி நின்றிருந்தாள்.

"ஒடஞ்சிச்சா சார்?"

"ஒடஞ்சிச்சு," என்றார் தேவநாதன். பார்த்தது அவர் ஒருவர்தான்.