பாஞ்சாலி இல்லாத சமையற்கட்டு

முப்பத்தெட்டு வயதில் சொர்ணம் கல்லூரியில் சேர்ந்ததைக் கேட்டு மர்பி டவுனில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பாஞ்சாலி. இன்னொருவர் காது கேட்காத வீட்டு ஓனர்.

சொர்ணமும் பாஞ்சாலியும் சேர்ந்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பிவந்தார்கள். சொர்ணத்தின் கணவன் இறந்த வருஷம், பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி தன் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்து, "அழுதது போதும், அரிசியக் களைடி" என்று சொன்னதில் தொடங்கிய தொழில் அது. சமையல் பாஞ்சாலியுடையது, வெளிப்பேச்சு சொர்ணத்துடையது.

தொண்ணூறுகளின் கடைசியில் வைட்ஃபீல்டு பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்தன. அவற்றில் ஒன்றில் கேன்டீன் நடத்தக் கேட்டுப் போனாள் சொர்ணம். ஹரிஷ் என்ற அதிகாரி ஆங்கிலத்தில் என்னென்னவோ கேட்டான். கல்யாணத்தால் பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்தியவள் அவள். கேள்வி புரிந்தது, பதில்தான் ஆங்கிலத்தில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொல்லி அழுதாள்.

"அப்போ போய்ப் படி," என்றாள் பாஞ்சாலி. "சாயங்கால காலேஜ் இருக்குதில்ல? அடுப்ப நான் பாத்துக்கறேன்."

மறுநாளைக்குக் காய் நறுக்குவது, மசாலா அரைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அதன்பின் பாஞ்சாலி தலையில் விழுந்தன. வகுப்பில் பிள்ளைகள் சொர்ணத்தை "ஆன்ட்டி" என்றார்கள். ஆனாலும் அந்த பெஞ்சில் உட்காருவது அவளுக்குப் பிடித்திருந்தது. நீ என்ன நினைக்கிறாய் என்று யாராவது அவளைக் கேட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

இரண்டாம் வருஷ மழையில் பாஞ்சாலிக்கு இருமல் பிடித்தது. "மசாலா நெடிடி" என்று தட்டிக்கழித்துவந்தவள், ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றியா சொர்ணா? தனியா போக ஒரு மாதிரியா கீது."

"பரீட்சை முடியட்டும்க்கா."

பரீட்சை முடிந்தது. அடுத்த பரீட்சையும் வந்தது. பாஞ்சாலி மறுபடி கேட்கவில்லை.

பட்டம் கைக்கு வந்ததும் சொர்ணம் மறுபடி வைட்ஃபீல்டு போனாள். இந்தமுறை ஹரிஷ் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். அவன் எழுந்து கைகொடுத்தான். ஒரே ஒரு நிபந்தனை: சமையல்காரர்கள் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை. பாஞ்சாலியின் எக்ஸ்ரேயில் காசநோய் என்று வந்தது.

"ஸாரி மேடம், அவங்க கிச்சனுக்குள்ள வரக்கூடாது," என்றான் ஹரிஷ். "வேற ஆள் போட்டுக்கோங்க. இன்னிக்கே சைன் பண்ணிடலாம்."

வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். பஸ்ஸில் திரும்பும்போது, அதை எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் வாக்கியங்கள்கூட வந்தன. ஆனால் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

வாசலில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள் பாஞ்சாலி. சொர்ணத்தின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்க்கா."

"நல்லதுதான். கேட்டிருந்தா, போடுன்னுதான் சொல்லியிருப்பேன்." முறத்தை ஒருமுறை புடைத்தாள். "கேட்டிருக்கலாம்."

பாஞ்சாலிக்கு மாத்திரை மாதக்கணக்கில் நீண்டது. சொர்ணம் வைட்ஃபீல்டு பக்கமே குடிமாறியிருந்தாள். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆர்டர்கள் வந்தன; போவது நின்றது. எட்டுப் பேர் வேலை செய்யும் சமையற்கட்டில் அவள் யாரிடமும் கத்திப் பேசியதில்லை. சிரித்துப் பேசியதும் இல்லை.

பாஞ்சாலிக்குக் குணமாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் கூப்பிடப் போனாள். இந்திரா நகரில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய்வந்துகொண்டிருந்தாள் பாஞ்சாலி.

"வாங்க, உள்ள வந்து உக்காருங்க."

"என்னக்கா, என்னைப் போயி வாங்க போங்கன்னு?"

"ஓனரம்மா ஆச்சே." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சொர்ணம் காலில் விழுந்திருப்பாள்.

"நீ வந்துடுக்கா. உன் இடத்துல இன்னும் யாரையும் வைக்கல."

"அங்கெல்லாம் எடை போட்டுத்தான் உப்பு போடணுமாமே. எனக்குக் கை வராதும்மா."

காபி கொடுத்தாள். சொர்ணம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருக்கணும்க்கா."

"வந்திருந்தா உங்க பரீட்சை போயிருக்கும்," என்றாள் பாஞ்சாலி, குழாயடியில் டம்ளரைக் கழுவியபடி. ஆறுதலா, குத்தலா என்று சொர்ணத்துக்குப் பிடிபடவில்லை.

வைட்ஃபீல்டு கேன்டீனில் மதியச் சாப்பாடு தொடங்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.