ஏழாவது உச்சி

முரளிதரன் சார் சோபாவில், அவர் மனைவி பிரபாவதி எதிரே, டிரைவர் உஸைர் கதவோர ஸ்டூலில். ஏழு எமிரேட்டுகளின் உயர்ந்த இடங்களிலும் ஏறிவிடுவதென்று சாரும் உஸைரும் மூன்று வருடமாக அலைந்தார்கள். கடைசியான ராஸ் அல் கைமா மலையில் சார் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். உஸைர் மட்டும் உச்சிக்குப் போய்ப் படமெடுத்து வந்தான்.

"நான் ஏறினதா பத்திரிகைக்கு எழுதுப்பா. உன் கையெழுத்துதான் அழகு."

"ஏறுனது நானுல்ல சார்?"

"படத்துல வெறும் கல்லுதானே இருக்கு? உன் மூஞ்சி எங்க?"

பிரபாவதி சிரித்தாள். "கல்லு வந்து சாட்சி சொல்லுமா, உஸைர்?"

தனியாக ஏறியவனை யார் படமெடுப்பார்கள்? அடுத்த மாதம் அவன் விசாவைப் புதுப்பிக்க சார் கையெழுத்துப் போட வேண்டும். உஸைர் தேதி, நேரம், உயரம் எதுவும் பிசகாமல் எழுதினான். பெயர் மட்டும் சாருடையது. உறையை ஒட்டி, ரோலா கடைத்தெருவில் தபால்பெட்டியில் போட்டான்.