ஃபெர்மினின் வில்லை

நீருக்கடியில் குகைக்குள் போகிறவர்களுக்குச் சட்டதிட்டங்கள் நிறைய. சிலிண்டர் காற்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. வழிக்கயிற்றை விடக் கூடாது. தரை மண்ணைக் கிளப்பக் கூடாது. பல்தசார் இவற்றில் எதையுமே மீறியதில்லை என்றால் அவனே சிரிப்பான். ஆனால் ஒரு சட்டத்தை மட்டும் வேதவாக்காக வைத்திருந்தான். கயிறு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒருவன் மாட்டிய வில்லையை அவனேதான் திரும்ப எடுக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை பிளாஸ்டிக் வட்டம், அதில் அவனவன் பெயர். வில்லை தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

யாஷ்ச்சென் என்ற குகைக்கேணிக்குள் ஒரு வில்லை ஒன்பது வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஃபெர்மின் என்று எழுதியிருந்தது.

ஃபெர்மின் மறதிக்குப் பேர் போனவன். தொப்பியை மறப்பான், வண்டிச் சாவியை மறப்பான், ஒருமுறை ஞானஸ்நானம் முடிந்து குழந்தையையே கோயிலில் மறந்துவிட்டு வந்தான். அந்தக் குழந்தைக்கு ஞானத்தகப்பன் பல்தசார்தான். ஓடிப்போய்த் தூக்கி வந்ததும் அவன்தான். அப்படிப்பட்ட ஃபெர்மின் ஒருநாள், பல்தசார் இடது கிளைக்குள் போயிருந்தபோது, வலது கிளைக்குள் போனான், வரவில்லை. பதினொரு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

அதன் பிறகு பல்தசார் யாரையும் கூட்டுச் சேர்க்கவில்லை. தனியாகப் போவான். பிரிவுக்கு வந்ததும் ஃபெர்மினின் வில்லைக்குப் பக்கத்தில் தன்னுடையதை மாட்டுவான். தேடிவிட்டுத் திரும்பும்போது தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொள்வான். கைக்கெட்டும் தூரத்தில் நண்பனை விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வருவது எவ்வளவு கேவலமான வேலை என்று, ஒன்பது வருடம் அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும்.

அப்படித் தேடப் போனவனுக்கு இரண்டு வருடம் முன்பு வேறொருவர் கிடைத்தார். வலது கிளையில், நன்னீரும் உப்புநீரும் சேர்ந்து கண்ணுக்கு முன்னால் எல்லாம் எண்ணெய்போல் குழம்பும் இடத்தைத் தாண்டினால் ஒரு பெரிய அறை. அதன் தரையில் ஒரு மண்டையோடு, சில விலா எலும்புகள், சுற்றிலும் கரித்துண்டுகள். கடல் தாழ்ந்து குகை உலர்ந்து கிடந்த காலத்தில் தீப்பந்தத்தோடு நடந்து வந்த யாரோ. பத்தாயிரம் வருடம் இருக்கலாம். எலும்புகள் சிறியவை என்பதால் பெண் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். பந்தம் அணைந்ததும் அவள் யாரைக் கூப்பிட்டிருப்பாள்? வெளியே யாராவது காத்திருந்தார்களா? இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவான். உறவுக்காரர் வீட்டுக்குப் போய்வருவதுபோல அது பழகிவிட்டது.

செப்டம்பரில் போனபோது தாடை எலும்பு இடம் மாறியிருந்தது. ஒரு பல்லைக் காணோம். மண்ணில் வேறு யாருடைய துடுப்புச் செருப்போ உரசிய தடம். பல்தசார் கரையேறியதும் தொல்லியல்காரர்களுக்குப் போன் போட்டான்.

அக்டோபர் கடைசியில் அங்கிருந்து டாக்டர் இராசெமா வந்தாள். பல்தசார் உள்ளே எடுத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு 'தோன்' என்று மரியாதையாக அழைத்து வேலையைப் பேசினாள்.

"வெள்ளிக்கிழமை இரும்புக் கதவு போட்டுடுவோம், தோன் பல்தசார். அதுக்கப்புறம் அனுமதி இல்லாம ஒரு ஈ காக்கா உள்ள போக முடியாது. பழைய கயிறு, அதுல தொங்குறது எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசு கட்டணும்."

"அதுல ஒரு வில்லை இருக்கு."

"யாரோடது?"

"உள்ள இருக்கிறவனோடது."

"அப்ப வேற யாரும் தொட வேணாம். நாளைக்கு நீங்களே போய் எடுத்துட்டு வந்துடுங்க."

ஊருக்குத் திரும்பும் வழியில்தான் நிக்கொலாசாவின் வீடு. ஃபெர்மினின் மனைவி. குழந்தைக்கு ஞானத்தகப்பன் ஆன நாளிலிருந்து அவன் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவனுக்குக் கொமாத்ரே, சம்பந்தி முறை மாதிரி. மறுநாள் பெரியவர்களின் ஆவிகள் சாப்பிட வரும் நாள். முற்றத்தில் பீப் சுடுவதற்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். மாவுக்குள் கோழியை வைத்து வாழை இலையில் பொதிந்து மண்ணுக்குள் வேகவைக்கிற பீப் இல்லாமல் எந்த ஆவியும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காது. வாசல் மரத்தில் வழக்கம்போல ஒரு சுரைக்குடுவை தொங்கியது. தனக்கென்று யாருமே இல்லாத ஆவிக்கு வெளியிலேயே வைக்கிற பங்கு அது.

"என்ன கொம்பாத்ரே, குடுவையை அப்படிப் பார்க்கிறீங்க? உங்களுக்குத்தான் கட்டியிருக்கேன். ஊர்ல உங்களைவிட ஆளில்லாத ஆவி யாரு இருக்கா?"

"இன்னும் சாகலையே, கொமாத்ரே."

"அது உங்களுக்கே சந்தேகமாத்தான் இருக்கும்."

உள்ளே படையல் மேசையில் அவளுடைய அப்பா, அம்மா படங்கள் இருந்தன. ஃபெர்மினின் படம் இல்லை. ஒன்பது வருடமாக அவனுக்கு மட்டும் அவள் தட்டு வைத்ததில்லை.

"நீங்க சொன்னதுதானே," என்றாள், அவன் கண் போன இடத்தைப் பார்த்து. "வில்லை தொங்குற வரைக்கும் ஆளு உள்ளதான் இருக்கான்னு. உள்ள இருக்கிற மனுஷனுக்கு எப்படித் தட்டு வைக்கிறது? எடுத்துக் குடுங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்."

எடுக்காததற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை என்பது அவனுக்குத் தெரியும். அந்த வில்லையை எடுத்தால் அதோடு சேர்ந்து வாயும் திறந்தாக வேண்டும்.

மறுநாள் காலை போனான். குகை அறைக்குப் போய் அந்த எலும்புப் பெண்ணிடம் விடைபெற்றான். கரித்துண்டுகளின் மேல் வெளிச்சத்தை ஒருமுறை ஓட்டினான். பிரிவுக்குத் திரும்பி வந்து முதலில் தன் வில்லையைக் கழற்றினான். அடுத்ததை எடுக்கப் போன கை நின்றது. ஒன்பது வருடத்தில் அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புத் தோல் படிந்திருந்தது. எடுத்துவிட்டால் ஃபெர்மின் செத்துவிடுவான். எடுக்காவிட்டால் நாளைக்கு முன்பின் தெரியாத யாரோ எடுத்துக் குப்பைப் பையில் போடுவான். பல்தசார் முகமூடிக்குள் அழுதான். பிறகு எடுத்தான்.

நிக்கொலாசா பீப்பைக் குழியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வில்லையை அவள் கையில் வைத்தான். அவள் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கொமாத்ரே, அன்னைக்கு நான் பொய் சொன்னேன்," என்றான். "தண்ணி கலங்கியிருந்துச்சு, வில்லையைப் பார்க்கலன்னு சொன்னேன்ல? பார்த்தேன். நல்லாப் பார்த்தேன். இவன் வழக்கம்போல மறந்துட்டுப் போயிட்டான்னு நினைச்சேன். மேல வந்தா ஆளைக் காணோம். சரி, முன்னாடியே பசிச்சு ஃபிலிபா கடைக்குப் போயிருப்பான்னு நானும் போனேன். அரை மணி நேரம் அங்க உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரம் அவன்கிட்ட காத்து இருந்திருக்கும்."

"தெரியும்."

பல்தசார் நிமிர்ந்தான்.

"அடக்கம் பண்ண உடம்பு இல்லாம உட்கார்ந்திருந்தேனே, அந்த வாரமே ஃபிலிபா வந்து சொல்லிட்டா. ரெண்டு பேருக்கு டாக்கோ வாங்கினீங்களாம். ஒரு தட்டை மூடி வச்சுக்கிட்டு ஈ ஓட்டிக்கிட்டே ரோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தீங்களாம்." அவள் குரலில் கோபம் ஏறியது. "மறதிக்காரனைப் பத்தி யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. நானே நினைச்சிருப்பேன். அதுக்காக உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒன்பது வருஷம், கொம்பாத்ரே! நீங்களா வந்து சொல்லுவீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து அழுவோம்னு இருந்தேன். நீங்க அங்க தனியா, நான் இங்க தனியா. எதுக்கு?"

பல்தசார் போய்விடலாம் என்று திரும்பினான். வாசல் மரத்தடியில், குடுவைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான்.

"அங்க என்ன நிக்கிறீங்க? அது ஆளில்லாத ஆவிக்கு. உள்ள வாங்க."

மேசையில் ஃபெர்மினின் படம் வந்திருந்தது. அதன்முன் ஒரு தட்டு, பக்கத்தில் வில்லை. பல்தசார் பசியில் கையை நீட்டினான். அவள் அந்தக் கையை லேசாகத் தட்டிவிட்டாள்.

"முதல்ல அவர் சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம்தான் நாம."

பீப்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அது அடங்கும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஈ வந்தது. பல்தசார் அதை ஓட்டினான்.