குளித்துவிட்டு வந்த கறுப்பி

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலையாக இருந்த நேரத்தில், நாத்தனார் கறுப்பிக்கு ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிவிட்டார். கறுப்பியும் வெள்ளச்சியும் நான் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஜெர்பில் எலிகள், அக்கா தங்கை. ஜெர்பில்களுக்கு ஒன்றையொன்று அடையாளம் காட்டுவது வாசனைதான். ரோஜா மணக்கத் தொட்டிக்குள் இறங்கிய கறுப்பி, வெள்ளச்சிக்குக் கூடப்பிறந்தவளாகத் தெரியவில்லை. வீடு புகுந்த எவளோ ஒருத்தி.

நான் வந்தபோது இரண்டும் பந்தாக உருண்டு கடித்துக்கொண்டிருந்தன. கணவரின் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு பிரித்தேன். கறுப்பியின் வால் அடியில் ரத்தம். அவளைத் தூக்கி வாளிக்குள் விட்டேன்.

"ஒரே தட்டுல தீனி போடு, ராசியாயிடும்" என்றார் நாத்தனார்.

"ஒண்ணு செத்துடும்க்கா."

"அப்ப கறுப்பிய என் ஆபீஸ் பொண்ணுக்குக் குடுத்துடறேன். எலிக்கெல்லாம் பஞ்சாயத்தா?"

"குடுக்க மாட்டேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். "பெரியவ சொல்றா, விட்டுக்குடேம்மா."

"கட்டில் போடுற இடம், திரைச்சீலை கலரு, என் ஞாயித்துக்கிழமை, எல்லாத்தையும் விட்டுக்குடுத்தாச்சு அத்தை. இது முடியாது."

ஜன்னல் பொருத்தும் வேலை முடித்து, அலுமினியத் தூள் படிந்த சட்டையோடு கணவர் வந்தார்.

"தம்பி, உன் பொண்டாட்டிக்கு நீயே புத்தி சொல்லு!"

அவர் தொட்டியையும் பார்த்தார், வாளியையும் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "நடுவுல வலை அடிச்சிடலாமா?"

"கொசுவலை வேணாம், கொறிச்சிடும். இரும்பு."

"உத்தரவு, முதலாளியம்மா."

விளிம்பு குத்தாமல் மடக்கி, இடுக்கில்லாமல் பொருத்தினார். தினமும் இரண்டையும் இடம் மாற்றிவிடுவேன், ஒன்றின் படுக்கையில் மற்றது புரண்டால் வாசனை கலக்கும் என்றேன்.

"மாமியார் வீடு, பொறந்த வீடுன்னு மாத்தி மாத்தியா? சேரலேன்னா?" என்று சிரித்தார் நாத்தனார்.

"வலை அப்படியே இருக்கும். ரெண்டு பேரும் இங்கயேதான் இருப்பாங்க."

மறுநாள் காலை, ஆபீசுக்குக் கிளம்பிய நாத்தனார், மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு தொட்டியருகே வந்து நின்றார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். என் மானம் போயிடும்."

"உங்க மானத்துக்கு நான் என்னக்கா பண்றது? இதுங்களுக்கு இருக்கிறது உசுரு."

பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன். இரண்டாகக் கிழித்து, வலைக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி போட்டேன். இரண்டும் உடனே பல்லை வைத்தன. அறை முழுக்க கறுக் கறுக்கென்று சத்தம்.